ரமணி ஹுரியா: தாருஸ்ஸலாம் மாணவர்கள் தங்கள் நகரத்தை வரைந்த விதம்

ரமணி என்றால் நமக்கு ஓர் ஆளின் பெயர். கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அது வரைபடம். ஹுரியா என்றால் கட்டற்றது. 2015-இல் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரத்தில் தொடங்கிய ஒரு வேலைக்கு இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். வெள்ளம் புகும் வார்டுகளைத் தெருத்தெருவாக நடந்து வரைவதுதான் வேலை. நடந்தவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக மாணவர்கள். பணமும் மென்பொருளும் பயிற்சியாளர்களில் சிலரும் வெளிநாடுகளிலிருந்து வந்தவை, வந்தவர்கள்.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் புவித்தகவல் முறைமை, படித்த ஆய்வகத்தில் மென்பொருளோடு கூடவே வந்த மாதிரித் தரவைத்தான் கையில் கொடுத்தார்கள். ஏதோ ஓர் அமெரிக்க மாவட்டத்தின் சாலைகளும் நில எல்லைகளும். பஃபர் போட்டோம் (ஒரு கோட்டைச் சுற்றி இத்தனை தூரம் என்று எல்லை வரைவது), ஓவர்லே செய்தோம் (ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றைப் பொருத்துவது), பதிவேட்டில் கையெழுத்து வாங்கினோம். ஆய்வக ஜன்னலுக்கு வெளியே ஓடிய ஓடைக்கு என்ன பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தாருஸ்ஸலாமில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். ஓடையில் ஆரம்பித்து மென்பொருளுக்குப் போனார்கள்.

நகரமும் தண்ணீரும்

1967-இல் தாருஸ்ஸலாமின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.7 லட்சம். 2012 கணக்கெடுப்பில் அது 43.6 லட்சம், 2022-இல் 53.8 லட்சம். இந்த வேகத்துக்கு எந்த நகரமைப்புத் துறையும் ஈடுகொடுக்க முடியாது. பத்தில் ஏழு பேருக்கு மேல் திட்டமிடாமல் தாமாக எழுந்த குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அரசு வரைபடத்தில் அந்த இடங்கள் வெற்றுத் தாளாகவோ, இருபது முப்பது ஆண்டு பழைய வயல்வெளியாகவோ இருந்தன.

நகரத்தின் நடுவே ஓடுகிறது ம்சிம்பாசி ஆறு. மேற்கே பூகு குன்றுகளில் கிளம்பி, செலாண்டர் பாலத்தருகே இந்தியப் பெருங்கடலில் சேர்கிறது. மழைக்காலம் போக மீதி நாட்களில் பார்த்தால் இதையா ஆறு என்கிறார்கள் என்று தோன்றும். 2011 டிசம்பரில் பெய்த மழை 1954-க்குப் பிறகு அந்த நகரம் கண்டிராதது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதன் பிறகும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2016-இல் ஓடத் தொடங்கிய விரைவுப் பேருந்துகளுக்கான பணிமனையை இதே ஆற்றின் வெள்ளச் சமவெளியில், ஜங்வானி என்ற இடத்தில் கட்டினார்கள். அதற்குள் தண்ணீர் புகுவது வழக்கமான செய்தி ஆகிவிட்டது.

வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் கணக்குகளுக்கு அடிப்படையாகச் சில விவரங்கள் தேவை. வீடுகள் எங்கே, எதனால் கட்டியவை, வடிகால் எங்கே ஓடுகிறது, எவ்வளவு அகலம், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது. இவை எதுவும் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்து வாங்கலாம். மூன்று ஆண்டுகளில் அது பழசாகிவிடும், மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும்.

முன்னோடிகள்

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. 2009-இல் நைரோபியின் கிபேரா சேரியில் உள்ளூர் இளைஞர்களே தங்கள் இடத்தை, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்கள் 2011-இல் தாருஸ்ஸலாமுக்கு வந்து, அங்குள்ள தண்டாலே வார்டை ஆர்தி பல்கலைக்கழக மாணவர்களையும் அந்த வார்டு மக்களையும் கொண்டு வரைந்தார்கள். 50,000-க்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழும் வார்டு அது. ஆர்தி என்றால் சுவாஹிலியில் நிலம்; நிலம் பற்றிய படிப்புகளுக்கென்றே இருக்கும் பல்கலைக்கழகம்.

இன்னொரு முன்னோடி கடலுக்கு அந்தப் பக்கம், ஜகார்த்தாவில். 2012-இல் ஜகார்த்தாவின் பேரிடர் மேலாண்மை அலுவலகம், நகரின் 267 கெலுராஹான்களின் தலைவர்களையும் அலுவலர்களையும் கூப்பிட்டு, இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது. கெலுராஹான் என்பது நம் வார்டு மாதிரி. தலைவருக்குத் தன் பகுதியின் எல்லை தெரியும், கணினி தெரியாது. மாணவருக்குக் கணினி தெரியும், எல்லை தெரியாது. தலைவர் விரலால் காட்ட மாணவர் வரைந்தார். அந்த வரைபடத்தை வெள்ளக் கணிப்போடு பொருத்தி, எத்தனை வீடு, எத்தனை பள்ளி பாதிக்கப்படும் என்று கணக்குச் சொல்ல இனாசேஃப் என்ற மென்பொருளை இந்தோனேசிய அரசும் ஆஸ்திரேலியாவும் உலக வங்கியும் சேர்ந்து உருவாக்கின. பின்னாளில் தாருஸ்ஸலாமில் பயன்பட்டது அதே மென்பொருள்தான். பன்னாட்டு ஒத்துழைப்பு என்றாலே ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இறங்கும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இந்த நிகழ்வில் மிக உபயோகமான கருவி ஒன்று ஜகார்த்தாவிலிருந்து வந்தது.

களத்தில் நடந்தது

2015-இல் உலக வங்கி, தான்சானியாவின் அறிவியல் தொழில்நுட்ப ஆணையம், செஞ்சிலுவைச் சங்கம், மனிதாபிமானப் பணிகளுக்காக வரைபடம் வரையும் ஹியூமனிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு, ஆர்தி, தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்தன. பட்டியல் நீளமாக இருக்கிறது. இப்படிப்பட்ட நீளப் பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆனால் இதில் எடுத்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. தான்சானியப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வோர் ஆண்டும் நீண்ட விடுமுறையில் மாணவர்கள் எங்காவது போய்த் தொழிற்பயிற்சி செய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. வழக்கமாக ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கிவிட்டுச் சான்றிதழ் வாங்கி வருவார்கள். வரைபட வேலையை அந்தத் தொழிற்பயிற்சியாகவே ஏற்றுக்கொள்ள வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 150 மாணவர்கள் வந்ததற்கு இதுதான் காரணம். சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி அழைத்திருந்தால் பதினைந்து பேர் வந்திருப்பார்கள், இரண்டாம் வாரத்தில் ஐந்து பேர் இருந்திருப்பார்கள்.

முதலில் வகுப்பு. செயற்கைக்கோள் படத்தின் மேல் கூரைகளை எப்படி வரைவது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பாதைக்கும் சாலைக்கும் வடிகாலுக்கும் எப்படிக் குறியிடுவது, அதில் வரையவும் திருத்தவும் உதவும் ஜோசம் என்ற மென்பொருளை எப்படிக் கையாள்வது. இதெல்லாம் சில நாட்களில் வந்துவிடும். கஷ்டம் படத்தில்தான் இருந்தது. கடலோர நகரமாதலால் மேகம் மறைக்கும். கிடைக்கிற தெளிவான படம் பழையது. தகரக் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், எது யார் வீடு என்று பிரிக்க முடியாது. ஆகவே ட்ரோன். ஒரு கிலோகூட எடை இல்லாத, இறக்கையுள்ள ஈபீ ரக ட்ரோன்கள். 2015-இல் அவற்றைப் பறக்கவிட ஒரு சுவிஸ் தன்னார்வ அமைப்பு வந்தது. செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் திட்டாகத் தெரிந்தது, ட்ரோன் படத்தில் கொடியில் காயும் துணி வரைக்கும் தெரிந்தது.

அப்புறம் களம். மாணவர்கள் தெரு வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போனார்கள். தாளின் மூலையில் ஒரு குறியீட்டுச் சதுரம் இருக்கும். பேனாவால் கடை, கிணறு, பள்ளிவாசல், கழிப்பிடம் என்று எழுதி, சாயங்காலம் அந்தத் தாளைப் படமெடுத்து ஏற்றினால் கணினி அதைச் சரியான இடத்தில் விரித்துக் காட்டும், அதைப் பார்த்துப் பதிய வேண்டும். செல்பேசியிலேயே செய்யலாமே என்று தோன்றும். அதுவும் செய்தார்கள், குறிப்பாகக் கேள்விப் படிவங்களுக்கு. ஆனால் நடுப்பகல் வெயிலில் திரை தெரியாது, பேட்டரி நிற்காது, ஒடுங்கிய சந்தில் ஜி.பி.எஸ். புள்ளி அடுத்த வீட்டுக் கூரைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தாளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

ஆனால் தாளும் பேனாவும் இருந்தால் மட்டும் ஒரு குடியிருப்புக்குள் நுழைந்துவிட முடியுமா? 2015 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் ம்சிம்பாசி பள்ளத்தாக்கில் அரசு நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தது. இடிக்கப் போகும் வீட்டுச் சுவரில் முன்கூட்டியே சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சமயத்தில் கையில் தாளோடு ஒருவர் வந்து, உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? வெள்ளம் வரும் இடத்தை வரைபவருக்கும் வெள்ளம் வரும் இடத்திலிருப்பவரை வெளியேற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு ஜி.ஐ.எஸ். பாடத்திட்டத்தில் அலகு எதுவும் இல்லை. என் கணிப்பில் அந்த மாணவர்கள் கற்றதில் மிகப் பெரியது இதுதான்.

வழி கிடைத்தது ம்ஜும்பே மூலமாக. தாருஸ்ஸலாமில் வார்டுக்குக் கீழே ம்தா, அதற்கும் கீழே ஷினா. பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் என்று 1960-களில் ஆளுங்கட்சி தொடங்கிய ஏற்பாடு அது. அந்தத் தலைவர்தான் ம்ஜும்பே. இப்போது ஒரு ஷினாவில் பத்து வீட்டுக்கு எவ்வளவோ அதிகம். 1992-இல் பலகட்சி முறை வந்த பிறகு சட்டப்படி அது அரசின் உறுப்பு அல்ல. ஆனாலும் வாடகைக்கு வருபவரும் வழக்கு உள்ளவரும் முதலில் தேடிப் போவது ம்ஜும்பேயைத்தான். நம் பக்கத்தில் நில அளவைக்கு வரும் சர்வேயர் தலையாரியைக் கூட்டிக்கொண்டு நடப்பது போல, மாணவர்கள் ம்ஜும்பேயோடு நடந்தார்கள். அவர் கூட இருந்தால் கதவு திறந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. ஷினாவின் எல்லைகள் எந்த வரைபடத்திலும் இல்லை, ம்ஜும்பேயின் தலைக்குள் மட்டும் இருந்தன. இந்த மாமரம் வரை என்னுடையது, அந்தச் சாக்கடைக்கு அப்பால் அவருடையது. அடுத்தடுத்த இரண்டு ம்ஜும்பேக்கள் ஒரே வீட்டைத் தன்னுடையது என்று சொன்னால் இருவரையும் அதே இடத்தில் நிறுத்திப் பேசித் தீர்க்க வேண்டியதுதான். வெள்ள எச்சரிக்கை ஒன்றை ஒரு குடும்பத்தின் கதவு வரை கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர் ம்ஜும்பேதான் என்பதால், இந்த எல்லைகளை வரைந்தது வரைபடத்தின் வேறெந்தப் படலத்தையும்விடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஜகார்த்தாவில் கெலுராஹான் தலைவர் விரலால் காட்டியதன் கிழக்காப்பிரிக்க வடிவம் இது.

பெயர்களும் அப்படித்தான். தாருஸ்ஸலாமில் பல நிறுத்தங்களுக்கும் முனைகளுக்கும் க்வா என்று தொடங்கும் பெயர்கள். க்வா அஸீஸ் அலி என்றால் அஸீஸ் அலியின் இடம். அந்த மனிதர் மறைந்து எத்தனையோ காலமாகியும் பேருந்து நடத்துநர் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார். எவ்வளவு கூர்மையான ட்ரோனாலும் இதைப் படமெடுக்க முடியாது.

வடிகால் அளந்தது அடுத்த கட்டத்தில். 2017-இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் சாக்கடையோரமாக நடந்து, அகலம், ஆழம், சிமெண்டா மண்ணா, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்று குறித்தார்கள். கௌரவமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய வெள்ளங்களின் உயரத்தை மக்களிடம் கேட்டுக் குறித்தார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றுதான் பதில் வரும், சென்டிமீட்டரில் வராது. கணுக்காலும் தரவுதான்.

யார் கையில் ட்ரோன்

2016-இல் தான்சானியாவின் தீவுப் பகுதியான சான்சிபாரில் தொடங்கிய வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்குஜா, பெம்பா என்ற இரண்டு பெரிய தீவுகளையும் ட்ரோனால் படமெடுத்தார்கள். சேர்ந்து ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். சிறிய ட்ரோன்களைக் கொண்டு செய்த வரைபட வேலைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. தாருஸ்ஸலாமில் சுவிஸ்காரர்கள் பறக்கவிட மாணவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள் என்றால், சான்சிபாரில் அந்தத் தீவின் அரசுப் பல்கலைக்கழக மாணவர்களும் நில ஆணைய ஊழியர்களும் தாங்களே பறக்கவிட்டார்கள். இடையில் ஒரே ஓர் ஆண்டுதான். இந்த மாற்றம் தானாக வருவதில்லை. ட்ரோனை இறக்குமதி செய்து உள்ளூர் ஆள் கையில் கொடுத்து, அது மரத்தில் சிக்கினாலும் பரவாயில்லை என்று சொல்ல யாராவது வேண்டும்.

இந்தப் படங்களைப் பூட்டி வைக்கவில்லை, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாணவர்கள் கையால் வரைந்த கட்டட எல்லைகளைப் பாடமாக வைத்து, படத்திலிருந்து வீடுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல்களுக்கான சர்வதேசப் போட்டி ஒன்று 2018-இல் நடந்தது. 2021-இல் கூகுள் ஆப்பிரிக்காவின் கட்டட எல்லைகளை இயந்திரத்தாலேயே வரைந்து வெளியிட்டது. இப்போது ஒரு மாணவரை உட்கார வைத்துக் கூரை வரையக் கற்றுக்கொடுப்பதில் என்ன அர்த்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரம் கூரையை வரையும். அது மளிகைக் கடையா மருந்தகமா, 2018 ஏப்ரலில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதா, எந்த ம்ஜும்பேயின் பொறுப்பில் வருகிறது என்பதற்கெல்லாம் இன்னும் கால்தான் வேண்டும். பாடத்திட்டம் எழுதுபவர்கள் திரை நேரத்தைக் குறைத்து நடை நேரத்தைக் கூட்ட வேண்டிய காலம் இது என்பது என் கருத்து.

பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தது

திட்டங்களுக்கு ஆயுள் குறைவு. ஆலோசகர் கிளம்புவார், அலுவலக வாடகை நின்றுபோகும், மடிக்கணினிகள் யார் வீட்டிலோ இருக்கும். இதை உணர்ந்துதான் சில ஆண்டுகளில் ரெசிலியன்ஸ் அகாடமி என்ற ஏற்பாடு வந்தது. ஆர்தி, தாருஸ்ஸலாம், மொரொகோரோவில் உள்ள சொகோயினே வேளாண் பல்கலைக்கழகம், சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் ஃபின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தோடு கைகோத்தன. துர்குவின் புவியியலாளர்கள் நெடுங்காலமாகச் சான்சிபாருக்குப் போய் வருபவர்கள், புதிதாக வந்து இறங்கியவர்கள் அல்ல. வரைபடப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களே நடத்துவது, பாடப்பொருளைத் திறந்து வைப்பது, சேர்ந்த தரவை எல்லாம் ஒரே தளத்தில் தான்சானியப் பல்கலைக்கழகங்களே பராமரிப்பது என்பது ஏற்பாடு. இன்னொரு பக்கம், ரமணி ஹுரியாவில் வேலை கற்றவர்கள் ஓப்பன்மேப் டெவலப்மென்ட் தான்சானியா என்ற உள்ளூர் அமைப்பாக நின்றார்கள். 2018-இல் உலகக் கட்டற்ற புவித்தகவல் மென்பொருள் மாநாடு தாருஸ்ஸலாமிலேயே நடந்தது.

இந்தத் துறையில் பழைய வழி வேறு மாதிரி. நெதர்லாந்து 1950-இல் டெல்ஃப்ட்டில் ஐ.டி.சி. என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. நிறுவியவர் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஸ்கெர்மர்ஹார்ன். வளரும் நாடுகளிலிருந்து ஆட்கள் அங்கே போய் வான்படம் படிக்கக் கற்றுத் திரும்புவார்கள். 1957-இல் நேரு அதைப் பார்த்துவிட்டு வந்தார். 1966-இல் டச்சுக்காரர்களின் உதவியோடு டேராடூனில் ஒரு நிறுவனம் எழுந்தது. இன்று இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் என்று நாம் அறிவது அதுதான். மாணவர் ஆசிரியரைத் தேடிப் போவதிலிருந்து, ஆசிரியரை நம் ஊருக்கே வரவழைப்பது வரைக்கும் டேராடூன் கொண்டுவந்தது. தாருஸ்ஸலாம் இன்னும் ஓர் எட்டு வைத்து, ஊரையே பாடமாக்கியது.

எனக்குத் திருப்தி இல்லாதவை

முதலாவது பணம். ரமணி ஹுரியாவின் இரண்டாம் சுற்றுக்கும் அகாடமியின் தொடக்கத்துக்கும் பெரும்பகுதி பிரிட்டனின் சர்வதேச மேம்பாட்டுத் துறையிலிருந்து உலக வங்கி வழியாக வந்தது. அந்தத் துறையே 2020 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகத்தோடு கரைக்கப்பட்டது. உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்களில் வரைபட மன்றங்களை நடத்தும் யூத்மேப்பர்ஸ் 2015-இல் மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களால், அமெரிக்காவின் யூ.எஸ்.எய்ட் நிறுவன ஆதரவில் தொடங்கியது. யூ.எஸ்.எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. பத்தாண்டுக்குள் இரண்டு பெரிய புரவலர்கள் பெயர்ப்பலகையோடு மறைந்துவிட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருந்த மன்றங்களில் எவை நிற்கும் என்றால், உள்ளூர்ப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணும் வகுப்பறையும் கொடுத்த இடங்கள் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இரண்டாவது, உழைப்பின் கணக்கு. தொழிற்பயிற்சி என்ற பெயரில் நகரத்துக்குத் தேவையான தரவை மலிவாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒருவர் சொன்னால் நான் முழுதாக மறுக்க மாட்டேன். அதே தரவை ஒப்பந்தக்காரர் சேர்த்திருந்தால் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். மாணவருக்குத் திறமை கிடைத்தது என்பது உண்மை. வெயிலில் நடந்தவர் பெயர், வெளியான வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் நிறுவனச் சின்னங்களுக்கு நடுவே தெரிவதில்லை என்பதும் உண்மை. ஒரு சின்ன ஆறுதல்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் யார், எந்த நாளில் வரைந்தார் என்ற வரலாறு அழியாமல் இருக்கிறது. தேடிப் போனால் பயனர் பெயராவது கிடைக்கும்.

மூன்றாவது, வரைபடத்தால் என்ன ஆயிற்று என்பது. 2022-இல் ம்சிம்பாசி வடிநிலத்தைச் சீரமைக்க உலக வங்கி 20 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. வெள்ளச் சமவெளியிலிருந்து குடும்பங்களை இழப்பீடு கொடுத்து மாற்றுவதும், ஜங்வானி பேருந்துப் பணிமனையை வேறிடத்துக்குக் கொண்டுபோவதும் அதில் அடக்கம். மாணவர் வரைந்த கோடுகளுக்கும் இந்த முடிவுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட நான் துணிய மாட்டேன். ஆனால் சுவரில் சிவப்புக் குறி போட்டு இடித்த காலத்துக்கும், இழப்பீட்டுக்காக வீட்டை எண்ணும் காலத்துக்கும் நடுவில், அந்த வீடுகள் முதல்முறையாக ஒரு பொது வரைபடத்தில் ஏறியிருந்தன.

அந்த வரைபடமும் நிலையானதல்ல. ம்ஜும்பே இறந்தால் ஷினா இரண்டாகப் பிரியும், அல்லது பக்கத்து ஷினாவோடு சேரும். ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஓர் ஆகஸ்டில் அளந்து எழுதிய வடிகால், மார்ச் மாதப் பெருமழைக்கு முன்பே மண்ணும் பிளாஸ்டிக்கும் நிரம்பி முழங்கால் ஆழமாகிவிடும். நீண்ட விடுமுறை வந்ததும் அடுத்த ஆண்டு மாணவர்கள் அளவுகோலோடு மறுபடி அதே சாக்கடையோரம் நடக்கத் தொடங்குவார்கள்.